15 நிமிஷம்

காத்மாண்டுவின் கடிகாரங்கள் நம்முடையதைவிட 15 நிமிஷம் முந்தியவை. 1986இல் கௌரிசங்கர் சிகரத்தின் தீர்க்கரேகையை நேரத்துக்கு ஆதாரமாக்கினார்கள். தாமேலில் தங்கிய மூன்று நாளும் புகைமூட்டம். ஒரு சிகரமும் தென்படவில்லை. இருந்தும் நான் விழித்ததும் உண்டதும் 7134 மீட்டர் உயரத்து மலையொன்றின் கணக்கில்தான்.

போகவேண்டியது லாங்டாங். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் பனியும் பாறையும் சரிந்து அந்தக் கிராமத்தையே மூடின. தனியே நடக்க வந்தவனுக்கும் 2023 முதல் அங்கே வழிகாட்டி கட்டாயம். அனுமதிப் படிவத்தில் ஒரு கட்டம்: அவசரத்தில் யாருக்குத் தெரிவிப்பது? அம்மா இருந்தவரை இது ஒரு கேள்வியே அல்ல. தனிமையைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறேன். அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட முடியவில்லை. பாகப்பிரிவினைக்குப் பின் ஆறு வருஷமாகப் பேச்சற்றுப்போன அண்ணனின் பெயரை எழுதினேன். தொலைபேசி எண் நினைவில் இருந்தது.

படிவத்தை வாங்கிய பெண் என்ன உறவு என்று கேட்டாள். கூடப்பிறந்த மூத்தவர் என்றேன். 'தாய்' என்று சொல்லிக் குறித்துக்கொண்டாள். நேபாளியில் அது அண்ணனுக்கான சொல். முத்திரை குத்தித் தந்தாள். மறுநாள் விடிகாலை ஸ்யாப்ருபேசிக்கு பஸ்.