ஜன்னலுக்கு ஒரு வேட்டி கட்டுவோமா?

குற்றாலம் டூர்னா நம்ம லிஸ்ட் ஊருக்கே தெரியும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், பார்டர் பரோட்டா, கிளம்பும்போது நேந்திரங்காய் சிப்ஸ். இந்தத் தடவை இன்னொண்ணும் சேர்த்துக்கோங்க... உங்க ஹாஸ்டல் ரூம் ஜன்னலுக்கு ஒரு ஸ்க்ரீன்!

'சாரல்ல நனையப் போற இடத்துல ஸ்க்ரீன் துணியா?'னு சிரிக்காதீங்க பாஸ். குற்றாலத்துல பஸ் ஏறினா அஞ்சாறு கிலோமீட்டர்ல தென்காசி. அங்கிருந்து மதுரை ரோட்டைப் பிடிச்சா கடையநல்லூர், புளியங்குடி. கிழக்கே திரும்பினா சங்கரன்கோவில். எல்லாமே தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த ஊர்கள். 2019 நவம்பர்ல நெல்லையிலிருந்து பிரிஞ்ச தென்காசி மாவட்டத்துக்குள்ளேயே இத்தனையும் இருக்கு.

ஆனா கடையில போய் 'கர்ட்டன் துணி காட்டுங்கண்ணே'ன்னு கேட்காதீங்க. பாலியஸ்டர் ரோலை இறக்கிடுவாங்க. 'எட்டு முழ வேட்டி காட்டுங்கண்ணே'ன்னு கேளுங்க!

கணக்கைப் பாருங்க. எட்டு முழம்னா 3.6 மீட்டர். நடுவுல வெட்டினா 1.8 மீட்டர்ல ரெண்டு துண்டு. அகலம் சுமார் ஒண்ணேகால் மீட்டர். ரெண்டும் சேர்ந்தா ரெண்டரை. நாலடி ஜன்னல் 1.2 மீட்டர்தான். மடிப்பு அழகா விழணும்னா ஜன்னலைப் போல ரெண்டு மடங்கு அகலம் வேணும். சரியா வருதா? மேலே கம்பி நுழைக்க, கீழே மடிச்சுத் தைக்க, முதல் சலவையில சுருங்கன்னு எல்லாத்துக்கும் நீளமும் மிச்சம். கரை தானாவே பார்டர் ஆயிடும். கலர் வேணுமா? மூட்டாத கட்டம் போட்ட சாரம் ரெண்டு வாங்குங்க, வேலை முடிஞ்சது.

வேட்டி விலையை 3.6-ஆல வகுத்தா மீட்டர் விலை கிடைக்கும். அதைக் கர்ட்டன் துணியோட மீட்டர் விலையில வெச்சுப் பார்த்துட்டு அப்புறம் பர்ஸைத் திறங்க.

சாரம் வாங்கறப்போ திருப்பிப் பாருங்க. ரெண்டு பக்கமும் கலர் ஒரே மாதிரி இருந்தா சாயம் போட்ட நூல்ல நெய்தது. பின்பக்கம் மங்கலா இருந்தா பிரிண்ட். ஈரக் கர்ச்சீப்பால ஒரு தேய் தேய்ங்க, சாயம் போகுமான்னு தெரிஞ்சுடும். குற்றாலத்துல ஈரக் கர்ச்சீப்புக்கா பஞ்சம்?

'கைத்தறி'ன்னு சொன்னா, 2006-ல வந்த கைத்தறி முத்திரை லேபிள் இருக்கான்னு கேளுங்க. வேட்டி, துண்டு, லுங்கி, பெட்ஷீட்னு 11 வகைத் துணிகள்ல குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறிக்குன்னே 1985-ஆம் வருஷச் சட்டம் ஒதுக்கி வெச்சிருக்கு. அப்படியும் விசைத்தறித் துணி கைத்தறிப் பேர்ல வந்து நிக்கிறது உண்டு.

அடுத்தது பேரம். சீசன் கடையில தாராளமா பேசுங்க, அது அந்த ஊர் மரபு! ஆனா நெசவாளர் சங்கத் துணியில பேரம் வேண்டாம், தள்ளுபடிக்குக் காத்திருங்க. 1935-ல தொடங்கின கோ-ஆப்டெக்ஸ்ல தீபாவளிக்கு வழக்கமா 30 சதவீதம் குறையும். அதுக்கு அரசு மானியம் இருக்கு. நெய்தவர் கூலியில கை வைக்காம நமக்கு விலை குறையுற வழி அது.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, ஒரு காலத்துல நெசவையே நம்பியிருந்த கடையநல்லூர்ல இருந்து எத்தனையோ பேர் தறியை விட்டுட்டு சிங்கப்பூர், மலேசியா, வளைகுடான்னு கிளம்பிட்டாங்க. கூலி கட்டுப்படியானாதான் அடுத்த தலைமுறை தறியில உட்காரும்.

2015-லேருந்து ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி தினம். அதுவும் சரியா நம்ம சாரல் சீசன்லதான் வருது. தலையைத் துவட்டிட்டு, அப்படியே தென்காசி பஸ்ல ஏறுங்க மக்கா!