அம்மாயிகள் போன பிறகு

எங்கள் எச்.ஐ.வி. சிகிச்சை மையத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் பெரும்பாலும் அம்மாயிகளும் அப்பத்தாக்களும்தான். வண்டி ஓட்டிய மகன் போய்ச் சேர்ந்திருப்பான், ஒன்றிரண்டு வருடத்தில் மருமகளும் போயிருப்பாள். மிச்சமிருந்த பிள்ளைக்கு ரத்தம் பார்க்கச் சொல்லி யாராவது அனுப்பி வைத்திருப்பார்கள். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் 2000ஐ ஒட்டிய வருடங்களில் கிழவிகளும் குழந்தைகளும் மட்டும் இருந்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை எனக்கு. பையில் செப்ட்ரான் மாத்திரையும் உப்பு சர்க்கரைப் பொட்டலமும் இருக்கும். மற்றபடி ஆறுதல்தான்.

அந்த நாளில் ஊரெல்லாம் புள்ளிராஜா என்கிற எய்ட்ஸ் விளம்பரம். சுவரில், பஸ்ஸில், டிவியில் என்று திரும்பிய பக்கமெல்லாம் அதுதான். விழிப்புணர்வுக்காக எடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் அப்பனைப் பறிகொடுத்த ஒரு சின்னப் பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் அதுவே பட்டப்பெயராகிவிட்டது. அந்தப் பெயரைப் போட்டது பிள்ளைகள் இல்லை, ஒரு வாத்தியார்.

2004 ஏப்ரல் 1 முதல் அரசு ஆஸ்பத்திரியில் கூட்டு மருந்து இலவசம் என்று வந்தபோது எங்களுக்குத் தாம்பரம்தான் கதி. ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, விடிகாலையில் சென்ட்ரலில் இறங்கி, எதிர்ப்பக்கம் பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, மின்சார ரயில் பிடித்து சானட்டோரியம் போக வேண்டும். அவ்வளவு தூரம் போனாலும் எல்லோருக்கும் மருந்து கிடைத்துவிடாது. பெரியவர்களுக்கு, எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை இருநூறுக்குக் கீழே இறங்கினால்தான் ஆரம்பிப்பார்கள். இருநூற்று முப்பது இருந்தவரை, இன்னும் கொஞ்சம் முத்தட்டும் என்று திருப்பி அனுப்புவது போலத்தான் எனக்குப் பட்டது. எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் மருந்து உண்டு என்ற நிலை வர 2017 ஆயிற்று.

குழந்தைகளுக்கென்று தனி மாத்திரை அப்போது இல்லை. பெரியவர்களுடைய ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மாத்திரையைப் பிளேடால் பாதியாக, காலாக நறுக்கிக் கொடுத்தோம். 2006 நவம்பரில் குழந்தைகளுக்கான தேசியத் திட்டம் தொடங்கிய பிறகுதான் எடைக்குத் தக்க மாத்திரைகள் வந்தன. பின்னாளில் எங்கள் பக்கமே மையம் வந்து, நானும் அதில் வேலைக்குச் சேர்ந்தேன். நெஞ்செலும்பு தெரிய வந்த பிள்ளை மூன்றே மாதத்தில் கன்னம் உப்பி, மையத்து பெஞ்சுகளுக்கு நடுவில் ஓடிப்பிடித்து விளையாடுவதைப் பார்த்த அந்த வருடங்களில் எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மருந்து கொடுத்தது அரசாங்கம். அதை நேரம் தவறாமல் உள்ளே இறக்கியது கிழவிகள். படிப்பு வாசனை இல்லாதவர்கள். காலையில் மில் சங்கு ஊதினால் ஒன்று, ராத்திரி சீரியல் பாட்டுப் போட்டால் ஒன்று. ஒரு அம்மாயி மாரியம்மன் பண்டிகைக்குப் போனபோதுகூட மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போய், கூட்டத்தில் பேரனைத் தேடிப் பிடித்து, தேர்முட்டிக்குப் பின்னால் வைத்து விழுங்க வைத்தாள். "சத்து மாத்திரைன்னு சொல்லி வெச்சிருக்கறேன் அம்மிணி, நீ ஒண்ணும் வாயத் தொறந்துறாத" என்று என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவாள். மாதக் கடைசியில் டப்பாவைக் கவிழ்த்து மீதியை எண்ணி, 95 சதவீதத்துக்கு மேல் சாப்பிட்டால் நல்ல கணக்கு என்று எழுதுவோம். அறுபது மாத்திரையில் மூன்று தவறினாலே அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். அம்மாயிகளின் பேரப்பிள்ளைகள் அந்தக் கோட்டுக்குக் கீழே வந்ததே இல்லை.

அந்தப் பிள்ளைகளுக்குப் பதினேழு, பதினெட்டு வயது ஆனபோது அம்மாயிகள் ஒவ்வொருவராகப் போக ஆரம்பித்தார்கள். வயசான சாவுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. அதே சமயத்தில் பையன்கள் பாலிடெக்னிக் ஹாஸ்டலுக்கும், பெண்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போனார்கள். எங்கள் ரிஜிஸ்டரில் எல்.எஃப்.யு. என்று ஒரு கட்டம் உண்டு, மருந்து வாங்க வராமல் நின்றுபோனவர்களுக்கு. குழந்தையாக இருந்தபோது பேர் விடாமல் வந்தவர்கள் இப்போது அந்தக் கட்டத்தில் நிறைய விழுந்தார்கள். சிலர் ஒன்றரை வருடம் கழித்து டி.பி.யோடு, ஆளைத் தூக்கிக்கொண்டு வரும் நிலையில் திரும்பினார்கள். ஒருவனுக்கு எல்.எஃப்.யு. என்பதை அடித்துவிட்டு இறப்பு என்று நானே எழுதினேன். அவனுக்கு வயது இருபத்தொன்று.

மீட்டிங்கில் கேட்பார்கள், இந்த வயசுப் பிள்ளைகள் ஏன் மருந்தை விடுகிறார்கள் என்று. பொறுப்பில்லை, செல்போன், சகவாசம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. இப்படி விடுகிறவன் ஒன்பது வயதில் வாங்கிய 95 சதவீதம் அம்மாயியுடையது. நோய் மட்டும்தான் அவனுடையதாக இருந்தது, அதன் பெயரைக்கூட யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தியிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல நானும் டாக்டரும் நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் உட்கார வைத்துப் பேச்செடுத்தால், "தெரியுமுங்க மேடம். அஞ்சாவது படிக்கறப்பவே தெரியும். இந்தச் செவுத்துலதான் எழுதி ஒட்டியிருக்கீங்களே" என்றாள். தம்பிக்கும் அவள்தான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தில், பாதிக்கப்பட்ட குடும்பத்தில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட, விவரம் தெரிந்த மூத்த பிள்ளை தம்பி தங்கைக்குப் பாதுகாவலராகலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. படித்தவுடன் இவள் ஞாபகம்தான் வந்தது. யாரோ இந்த மாதிரி வீடுகளுக்குள் வந்து பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும்.

புள்ளிராஜா என்று பேர் வாங்கிய பையன் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தான். ஒரு அறையில் எட்டுப் பேர். டப்பாவை அசைத்தால் சத்தம் வருமென்று உள்ளே பஞ்சு அடைத்து வைத்திருப்பான், லேபிளை ஊற வைத்து உரித்திருப்பான். அப்போது ராத்திரிக்கு ஒரே மாத்திரை, எஃபாவிரென்ஸ் சேர்ந்தது. அது விழுங்கியதும் தலை கிறுகிறுக்கும், கண்ட கண்ட கனவெல்லாம் வரும். தூக்கத்தில் கத்தி எழுந்து உட்கார்ந்தால் பக்கத்துப் பாய்க்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும். பரீட்சை என்றால் இரண்டு நாள் விடுவான், ஊர்ப் பையன்கள் வந்து தங்கினால் நாலு நாள். எங்களிடம் வருவதற்கு முன் மீதியை பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் கொட்டிவிட்டு வருவான். டப்பாவை எண்ணினால் கணக்கு நூற்றுக்கு நூறு.

2018இல் ரத்தத்தில் வைரஸின் அளவைப் பார்க்கும் வைரல் லோடு சோதனை எல்லோருக்கும் என்று வந்தபோது இந்தக் கணக்குகளின் சாயம் வெளுத்தது. அவனுக்கு வந்த எண் லட்சத்தைத் தாண்டியிருந்தது. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் உடம்பில் மருந்து அரைகுறையாக நிற்கும், அந்த அரைகுறைக்குள் பிழைக்கப் பழகிய வைரஸ்தான் பெருகும். நெவிரபின், எஃபாவிரென்ஸ், லாமிவுடின் மூன்றுமே வைரஸில் ஒரே ஒரு மாற்றம் ஏற்பட்டால் தோற்றுப்போகிற மருந்துகள். அப்புறம் ஒழுங்காகச் சாப்பிட்டாலும் பிரயோசனமில்லை.

செகண்ட் லைன் என்கிற அடுத்த கட்ட மருந்துக்கு மாற்றினார்கள். அதில் அடாசனாவிர் என்று ஒன்று. ஈரல் கெடாமலே சிலருக்குக் கண்ணை மஞ்சளாக்கிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை ஹாஸ்டல் வார்டனிடம் யார் சொல்வது? அவர் நல்ல மனுஷர். பையனுக்குக் காமாலை என்று முடிவு கட்டி, தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கித் தன் கையாலேயே கொடுத்திருக்கிறார். எண்ணெய், காரம் எல்லாம் நிறுத்தி, பத்தியச் சோறு வேறு. அவனும் வாரக்கணக்கில் குடித்திருக்கிறான். மஞ்சள் இறங்குவேனா என்கிறது. "உண்மையச் சொன்னா ரூமை விட்டே போகோணுமுங்க மேடம், கீழாநெல்லி பரவால்ல" என்றான். நானும் டாக்டரும் சிரித்துவிட்டோம். அவனும்தான்.

2020இல் ஊரடங்கு வந்தது. மொத்தமாக மூன்று மாத மருந்தைக் கொடுத்து அனுப்பினோம், சிலருக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். வெளியூரில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் பட்ட பாடு தனி. ஆனால் ஹாஸ்டலும் கம்பெனி விடுதியும் மூடி, சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ அடைந்து கிடந்த சிலர் வருடக்கணக்கில் இல்லாத ஒழுங்கோடு மருந்து சாப்பிட்டார்கள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. விஷயம் தெரிந்தவர்கள் மட்டும் இருக்கிற வீட்டில் அலமாரியைத் திறந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒற்றை மாத்திரையும் அந்தச் சமயத்தில்தான் பரவலாக வரத் தொடங்கியது. ஒன்றிரண்டு நாள் தவறினால் உடனே கைவிடாத மருந்து அது. நல்ல மருந்துதான். ஆனாலும் எட்டுப் பேர் அறையில் அதையும் ஒளித்துத்தான் சாப்பிட வேண்டும்.

கீழாநெல்லிப் பையனுக்கு வைரஸ் கண்டறியும் அளவில் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. டிப்ளமோ முடித்து துபாய்க்கு ஏஜெண்டிடம் பேசி, மெடிக்கல் வரைக்கும் போய் அன்ஃபிட் என்று திரும்பி வந்தான். "வைரஸே தெரியலைன்னு உங்க சீட்டுலயே இருக்குதுங்களே, அப்புறம் ஏனுங்க?" என்று கேட்டான். அங்கே பார்ப்பது வைரஸின் அளவை இல்லை, தொற்று உண்டா என்பதை மட்டும், எத்தனை வருடம் மருந்து சாப்பிட்டாலும் அது பாசிட்டிவ் என்றுதான் காட்டும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டான், ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்குள்ள மையத்துக்கு டிரான்ஸ்ஃபர் எழுதிக் கொடுத்தேன். தனி அறை எடுத்திருப்பதாகச் சொன்னான், சம்பளத்தில் பாதி அதற்கே போகிறதாம். கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கே கவுன்சிலர் யார், எப்படிப்பட்டவர் என்று விசாரித்தான். நல்ல மாதிரிதான் என்றேன்.

"ரொம்பக் கேள்வி கேக்காம இருந்தாச் சரிங்க மேடம்" என்றான்.