மாமாவின் ஜீப்பும் தகுதிச் சான்றும்

காஞ்சி மாநகரில் பட்டுச்சேலை தறியிலிருந்து இறங்கியவுடனே விற்பனைக்குச் சென்றுவிடுவதில்லை. கூட்டுறவுச் சங்கத்திலோ முதலாளியின் கடையிலோ அதனை விரித்துப் பார்ப்பர். நீளம் அளப்பர், எடை நிறுப்பர், இழை அறுந்த இடம் உண்டா, கோர்வையில் பிசிறு உண்டா என்று வெளிச்சத்தில் பிடித்து நோக்குவர். குறையிருப்பின் நெசவாளரின் கூலியில் பிடித்தம் உண்டு. சேலையில் பிழை நேர்ந்தால் பொருள் இழப்பு, அவ்வளவே. சாலையில் ஓடும் வண்டியில் பிழை நேர்ந்தால் இழப்பது உயிராகவும் இருக்கலாம். எனினும் முன்னதை முறையென ஏற்கும் நாம், பின்னதைத் தொல்லையென எண்ணுகிறோம்.

வாடகைக்கு ஓடும் வண்டிகள் யாவும் குறித்த காலத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னிலையில் தகுதிச் சான்று பெற வேண்டும் என்பது சட்டம். வழக்கில் இதனை ‘எஃப்.சி. காட்டுவது’ என்பர். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, இச்சான்று இல்லாத வாடகை வண்டி முறையாகப் பதிவு பெற்ற வண்டியாகவே கருதப்படாது. புதிய வண்டிக்கு முதலில் இரண்டாண்டுச் சான்று. அதன்பின் ஆண்டுதோறும் என்றிருந்தது. 2018இல் விதி திருத்தப்பட்டு, எட்டாண்டு வரை ஈராண்டுக்கு ஒருமுறை என்றாயிற்று. எட்டாண்டு கடந்த வண்டிக்கோ இன்றும் ஆண்டுச் சோதனைதான்.

நான் கல்லூரியில் பயின்ற நாளில், 1998ஆம் ஆண்டில், என் தாய்மாமனிடம் பழைய மகேந்திரா ஜீப் ஒன்று இருந்தது. வாலாஜாபாத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து ஆட்களை ஏற்றிவந்து காஞ்சியில் விடுவது அவர் தொழில். பாவுநூல் வாங்க வரும் நெசவாளர், முகூர்த்தப் பட்டெடுக்க வரும் குடும்பத்தார், காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகள் என யாவரும் அதில் ஏறியதுண்டு. நீரற்ற பாலாற்று மணலில் பிற வண்டிகள் புதைந்து நிற்க, நான்கு சக்கரங்களுக்கும் விசை பாய்ச்சிக் கரையேறும் அந்த ஜீப்பைக் கண்டு சிறுவர் ஆரவாரிப்பர்.

அவ்வண்டியின் குலவரலாறும் சுவையானதே. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவின் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. இந்தியாவில், 1945இல் மகேந்திரா சகோதரர் இருவரும் மாலிக் குலாம் முகம்மதுவும் கூடி ‘மகேந்திரா அண்டு முகம்மது’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். பிரிவினைக்குப்பின் குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948இல் நிறுவனம் ‘மகேந்திரா அண்டு மகேந்திரா’ எனப் பெயர் மாறிற்று. வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டில் உருவாக்கித் தந்தது அந்நிறுவனமே. ஆக, மாமாவின் ஜீப் போர்க்கள மரபில் வந்தது. எங்கும் செல்வது அதன் பெருமை. ஆய்வாளரோ, அது எங்கே செல்லும் என்று கேட்கவில்லை; எங்கே நிற்கும் என்று கேட்டார்.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக்கை மிதித்ததும் 13 மீட்டருக்குள் நின்றாக வேண்டும் என்பது விதி. மாமாவின் ஜீப் அந்த எல்லையைக் கடந்து, இடப்புறமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பினால் சக்கரம் அசையவில்லை, கைப்பிரேக்கும் பிடிக்கவில்லை. ஆய்வாளர் குறைகளை எழுதிக் கையில் கொடுத்து, “சரிசெய்து கொண்டு வாருங்கள்” என்றார். “ஆற்று மணலில் சிக்காத வண்டி, ஒரு தாளில் சிக்கிக்கொண்டதே!” என்று மாமா குமுறினார்.

வண்டி நின்றால் வருவாய் இல்லை. மறுவாரம் ஒரு திருமணத்திற்கு முன்பணமும் வாங்கியிருந்தார். இடைத்தரகர் ஒருவர், “பெயின்ட் அடித்துவிடுங்கள், நல்ல டயர் நான்கை ஒருநாள் வாடகைக்கு மாட்டுவோம், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். கேட்ட தொகையும் பழுதுபார்க்கும் செலவில் கால்பங்குதான். மாமா தயங்கினார். அவரைத் திருப்பியவர், ஊரார் ‘பாய்’ என்றழைக்கும் பட்டறைக்காரர்.

அவர் சக்கரங்களைக் கழற்றித் தரையில் பரப்பிக் காட்டினார். முன் வலச்சக்கரத்தின் வீல் சிலிண்டர் கசிந்து, லைனிங் முழுதும் எண்ணெயில் ஊறியிருந்தது. வலப்பக்கம் பிடிக்காமையால்தான் வண்டி இடப்பக்கம் இழுத்தது. “அண்ணே, இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் ஒரே வழியாகப் போகிறது. ஓரிடத்தில் குழாய் விட்டுப்போனால் நான்கும் போய்விடும். கைப்பிரேக்கும் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டைப் பிடிக்கிறது. அங்கேயும் எண்ணெய் கசிந்திருக்கிறது. இதற்கு மேல் பெயின்ட் அடித்து யாரை ஏமாற்றப் போகிறோம்?” என்றார். மாமா மறுமொழி கூறவில்லை. அன்று மாலையே முன்பணத்தைத் திருமண வீட்டாரிடம் திருப்பிக் கொடுத்தார். அத்தையின் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றன.

வேலை முடியப் பதினாறு நாள்கள் ஆயின. மாஸ்டர் சிலிண்டர், லைனிங்குகள், கிங் பின், ஸ்டியரிங் இணைப்புகள் யாவும் மாற்றப்பட்டன. பெயின்டுக்குப் பணம் எஞ்சவில்லை. மறு சோதனையில் வண்டி கோடு கிழித்ததுபோல் நேராகச் சென்று நின்றது. நிறம் மங்கிய அவ்வண்டிக்கே சான்று கிடைத்தது.

அந்நாளில் இதனை நான் ஒரு குடும்பச் செலவாகவே கருதினேன். அதன் பொருள் முழுமையாக விளங்கியது 2012ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து உயிரிழந்தாள். அப்பேருந்து அண்மையில்தான் தகுதிச் சான்று பெற்றிருந்தது என்ற செய்தி நாட்டையே உலுக்கிற்று. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அவ்வாண்டே பள்ளி வாகனங்களுக்கெனத் தமிழக அரசு தனி விதிகளை வகுத்தது. கையில் சான்று இருந்தது. காலடியில் தளம் இல்லை. சான்று வேறு, தகுதி வேறு என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

2021இல் மத்திய அரசு தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகளை வெளியிட்டது. பிரேக்கின் வலிமையைக் கருவியே அளந்து சொல்லும் முறை பரவி வருகிறது, வரவேற்கத் தக்கதே. ஆயினும் கருவி சோதிப்பது ஒரு நாள். வண்டி ஓடுவது எஞ்சிய 364 நாள்கள். அந்நாள்களில் ஆய்வாளர் உரிமையாளரே.

மாணவ நண்பர்களே! வேகம் இரு மடங்கானால் நிற்கும் தொலைவு நான்கு மடங்காகும் என்பது நீங்கள் பயின்ற இயற்பியல். 13 மீட்டரில் நிற்கும் வண்டி, 60 கிலோமீட்டர் வேகத்தில் 52 மீட்டர் ஓடியே நிற்கும். அந்த 52 மீட்டருக்குள் சாலையைக் கடப்பவர் நம் வண்டியைத் தேர்ந்து ஏறியவர் அல்லர். நம் பெயரும் அறியாதவர். எனினும் தம் உயிரை நம்மிடம் அடைக்கலமாக ஒப்படைத்துவிட்டே சாலையில் அடியெடுத்து வைக்கிறார். அவர் சார்பில் கேள்வி கேட்க ஆண்டுக்கொருமுறை ஒருவர் இருக்கிறார். அவர் ‘தகுதியில்லை’ என்று எழுதினால், அந்தத் தாளைச் சினமின்றி வாங்கிக்கொண்டு பட்டறைக்குச் செல்வோம்.