வந்தியத்தேவனும் விண்வெளிக் கப்பலும்

ரோல்பிளேயிங் கேம் என்றதும் பலருக்கு கம்ப்யூட்டர்தான் ஞாபகம் வரும். மேசையில் ஆடுவதும் உண்டு. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, பேசிப் பேசியே கதையை நகர்த்துவார்கள். கதையை நடத்த ஒருவர் இருப்பார். அவர்தான் ரெஃப்ரி.

பாவம் அந்த ரெஃப்ரி! ராத்திரி பூரா கண் விழித்து பத்து கிரகங்களை வரைந்து வைத்திருப்பார். ஆட வந்தவர்களோ முதல் கிரகத்து டீக்கடையை விட்டு நகர மாட்டார்கள். நகர ஒரு காரணம் வேண்டுமே? அதற்குத்தான் ஹூக் என்று பெயர். நம்மூர் பாஷையில் தூண்டில்.

தூண்டில் போடுவதை தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதையிலேயே கற்றுக்கொள்ளலாம். 1950-ல் கல்கி தொடராக எழுத ஆரம்பித்த பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தியத்தேவன் கையில் இரண்டு ஓலைகள். ஒன்று தஞ்சையில் சுந்தர சோழருக்கு, மற்றது பழையாறையில் குந்தவைக்கு. தூண்டில் அவ்வளவுதான். வழியில் கடம்பூரில் ஒரு ராத்திரி தங்கினால் சதியாலோசனை காதில் விழுகிறது. தஞ்சைக் கோட்டைக்குள் நுழைய நந்தினி தந்த மோதிரம் உதவுகிறது. பழையாறை போனால் இலங்கைக்கு இன்னொரு ஓலை. அதற்காகக் கோடிக்கரை, அங்கிருந்து பூங்குழலியின் படகு. ஒவ்வொரு ஊரும் அடுத்த ஊருக்குப் போக ஒரு காரணத்தைக் கொடுத்தே அனுப்புகிறது.

"அது ராஜா காலம். விண்வெளியில் போன் இருக்குமே?" என்று கேட்கலாம். 1977-ல் மார்க் மில்லர் உருவாக்கிய டிராவலர் விளையாட்டில் அந்த வசதி கிடையாது! கப்பல் ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ சுமார் ஒரு வாரம் ஆகும். செய்தியும் கப்பலில்தான் போயாக வேண்டும். ஆக, அங்கே எல்லோரும் வந்தியத்தேவன்தான். போதாக்குறைக்கு, கப்பல் வாங்கிய கடனுக்கு 40 வருஷம் மாதத் தவணை. தவணைத் தேதி நெருங்கினால் டீக்கடையில் யார் உட்காருவார்கள்? காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் ஒரு விஷயம். ஓலையும் கடனும் ஆளைத்தான் நகர்த்தும். ஊர்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போடாது. அதற்குக் கல்லணைக்குத்தான் வர வேண்டும்.

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வரத்து குறைந்தால் முறை வைத்து விடுவார்கள். வெண்ணாற்றுக்கு முறை வந்தால் காவிரிப் பாசனக்காரர் காத்திருக்க வேண்டும். நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடை விவசாயி கல்லணையைப் பார்த்தேயிராமல் இருக்கலாம். ஆனாலும் அங்கே ஒரு ஷட்டர் ஏறுவதிலும் இறங்குவதிலும்தான் அவருடைய நாற்று இருக்கிறது.

இதை அப்படியே விண்வெளிக்குக் கொண்டுபோங்கள். தலைமடையில் பனிக்கட்டியை உருக்கித் தண்ணீர் அனுப்பும் கிரகம். நடுவில் அதைப் பங்கிடும் நிலையம். கடைமடையில் நெல் விளையும் இரண்டு கிரகங்கள். இந்தத் தடவை தண்ணீர் ஒன்றுக்குத்தான் போதும். எந்தக் கிரகத்துக்கு என்ற உத்தரவு ஆட்டக்காரர்கள் கையில். கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு கிரகத்தில் பயிர் கருகும். கொடுக்காவிட்டால் கூலி கிடைக்காது, தவணை தவறும். என்ன செய்வார்கள்?

எதைச் செய்தாலும் சரி, அடுத்த வாரம் கடைமடைக் கிரகத்தில் என்ன ஆயிற்று என்று பார்க்க அவர்களே கிளம்புவார்கள். ரெஃப்ரி பிடித்துத் தள்ள வேண்டியதில்லை.

வெறும் பரிசுப் பணத்தைத் தூண்டிலாகப் போட்டால், பணம் கைக்கு வந்ததும் கதை நின்றுவிடும். மறுமுனையில் ஒரு ஆள் வரப்பில் நின்றுகொண்டு காத்திருந்தால் நிற்காது. வரைபடத்தில் கோடு போடுவதற்கு முன்னால், அந்தக் கோட்டின் கடைசியில் யார் காத்திருக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.