நீருக்கடியில் நடந்த திருப்பணி

லண்டன் மாநகரிலிருந்து தென்மேற்கே, ரயிலில் ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ளது வின்செஸ்டர். இட்சன் ஆறு பாயும் அப்பழம்பதியின் நடுநாயகமாக விளங்குவது அதன் பேராலயம். 1079-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இக்கற்றளி, ஐரோப்பாவின் மிக நீண்ட தேவாலயங்களுள் ஒன்று. நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் கல்லறையும் இங்கேதான் உள்ளது.

உள்ளே நுழைவோரின் பார்வை, உயர்ந்த வளைவுகளின் மேல் செல்வது இயல்பு. ஆயினும் இவ்வாலயத்தின் பெரும் அதிசயம் தரைக்குக் கீழே மறைந்திருக்கிறது.

ஆற்றங்கரைச் சமவெளியாதலால், இங்கே மேல்மண்ணுக்கு அடியில் மட்கிய தாவரங்களாலான மென்மையான சேற்றுப் படலம் உண்டு. உறுதியான சரளைப் படுகை அதற்கும் கீழேதான். 13-ஆம் நூற்றாண்டில் கிழக்குப் பகுதியை விரிவுபடுத்தியவர்கள், பீச் மரக் கட்டைகளைத் தெப்பம்போல் அடுக்கி அவற்றின்மீது சுவர்களை எழுப்பினர். நூற்றாண்டுகள் செல்லச் செல்லப் பாரம் தாங்காமல் அடித்தளம் அமிழ்ந்தது, சுவர்கள் சாய்ந்தன. 1905-ஆம் ஆண்டளவில் விரிசல்கள் பெரிதாகி, கற்கள் உதிரத் தொடங்கின.

கட்டடக் கலைஞர் தாமஸ் ஜாக்சன், பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸின் துணையை நாடினார். சுவர்களுக்குக் கீழே குழி தோண்டி, சேற்றை அகற்றி, சரளை வரை கான்கிரீட் இடுவது திட்டம். ஆனால் தோண்டிய குழிகளில் நிலத்தடி நீர் பெருகி நிறைந்தது. அதை இறைத்தாலோ, நீரோடு நுண்மணலும் வெளியேறி, சுவர்கள் மேலும் இறங்கும் அபாயம் இருந்தது. நீரை அகற்றவும் இயலாது; அதில் கொத்தனார்கள் நின்று பணி செய்யவும் இயலாது.

இந்நிலையில் அழைக்கப்பட்டவர் வில்லியம் வாக்கர் என்னும் முக்குளிப்பாளர். 1906 முதல் 1911 வரை, கனத்த உடையும் உலோகத் தலைக்கவசமும் அணிந்து, ஏறத்தாழ 6 மீட்டர் ஆழம் வரையிலான கலங்கிய நீரில் அவர் இறங்கினார். அங்கே வெளிச்சம் என்பதே இல்லை, கைகளே கண்களாயின. சேற்றை வெட்டி அகற்றி, சரளையின்மீது கான்கிரீட் மூட்டைகளைப் பரப்பினார். அவை இறுகி, அடியிலிருந்து நீர் ஊறுவதைத் தடுத்தன. அதன் பின்னரே குழியின் நீர் அச்சமின்றி இறைக்கப்பட்டது; கொத்தனார்கள் உள்ளே இறங்கிச் சுவர்வரை கட்டி முடித்தனர். சுவர் நெடுகிலும் குழி குழியாக இப்பணி தொடர்ந்தது. முடிவில் 25,000-க்கும் மேற்பட்ட கான்கிரீட் மூட்டைகளும், சுமார் 1,15,000 கான்கிரீட் கற்களும், 9,00,000 செங்கற்களும் பூமிக்குள் சென்றிருந்தன.

1912-ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று, மழையோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் புனித ஸ்விதின் திருநாளில், மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் முன்னிலையில் நன்றி வழிபாடு நிகழ்ந்தது. வாக்கர் 1918-இல் மறைந்தார். 1964-இல் அவருக்கெனச் சிலை நிறுவியபோது, புகைப்படத்தில் ஆள் மாறி, பொறியாளர் ஃபாக்ஸின் முகமே வடிக்கப்பட்டுவிட்டது! அக்குறை 2001-இல்தான் புதிய சிலையால் நீங்கிற்று. அடித்தளத்தைப் போலவே, அதைக் காத்தவரின் முகமும் நெடுநாள் மறைந்தே இருந்தது.

இன்றும் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயரும்போது, ஆலயத்தின் நிலவறை குளமாகிறது. சிற்பி ஆன்டனி கோர்ம்லி வடித்த மனித உருவமொன்று, குவித்த கைகளில் நீரேந்தி அதனுள் நிற்கிறது. நீர் வரும், வடியும், சுவர் அசைவதில்லை.

இல்லத்துச் சுவரில் விரிசல் கண்டால், பூசி மறைப்பதே பலரின் வழக்கம். நீர் எவ்வழி வருகிறது, அடிமண் எதைத் தாங்குகிறது என்று முதலில் அறிந்து, பிறகு கரண்டியை எடுப்பதே முறை. வின்செஸ்டர் செல்லும் அன்பர்கள் வளைவுகளை அண்ணாந்து பார்த்த பின், ஒரு கணம் காலடியையும் நோக்குவார்களாக. மேலே உள்ள அழகனைத்தும் அங்கேதான் நிலைகொண்டுள்ளது.