டர்பனில் ஒரு ஜாபிதா

தென்னாப்பிரிக்காவிலுள்ள டர்பன் நகரத்து வீதிகளில் 'மூட்லி', 'பில்லே', 'நைடூ' என்ற பெயர்ப் பலகைகளைக் காண்கிறோம். நம் முதலியும் பிள்ளையும் நாயுடுவுந்தான் இங்கிலீஷ் எழுத்தில் இப்படித் திரிந்தன. பெயர் ஒன்றானால் உறவும் ஒன்றுதானோ?

விடை, நகரத்தை அடுத்த வெஸ்ட்வில்லில், காந்தி–லுத்துலி ஆவண நிலையத்துக் கப்பல் ஜாபிதாக்களில் இருக்கிறது. 1860 முதல் 1911 வரை சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 ஒப்பந்தக் கூலிகளுக்கும் ஆளுக்கோர் எண். எண்ணை அடுத்துப் பெயர், தந்தை பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், அங்க அடையாளம். குடும்பப் பெயருக்கு இடமே இல்லை! ஜாதிப் பட்டமோ தந்தை பெயரோ பின்னால் வந்து அவ்விடத்தில் அமர்ந்தது. ஆதலால் ஒரே பெயருடையோர் அந்நியராயிருக்கலாம். வேறு பெயருடையோர் ஒரே பாட்டனாரின் பேரராயிருக்கலாம்.

பெயரை மட்டும் கொண்டு தேடுவோர் திகைத்து நிற்க, பாட்டனாரின் எண்ணைப் போற்றி வைத்த குடும்பத்தார் வட ஆற்காட்டுக் கிராமம் வரை வந்துவிடுகிறார்கள். மனிதனை எண்ணாக்கிய அதே ஏடு, இன்று பேரனுக்கு ஊரையும் உறவையும் திருப்பித் தருகிறது.