ஹோர்ட்டன் சமவெளியின் கறுப்புச் சேறு

கண்டியில், தலதா மாளிகைக்குப் பக்கத்தில் உள்ள மகுல் மடுவவின் மரத்தூண்களுக்கு நடுவே நின்றேன். கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் கையளித்த கண்டி ஒப்பந்தம் 1815 மார்ச் 2ஆம் திகதி வாசிக்கப்பட்டது இந்த மண்டபத்தில்தான். பிள்ளைகளைக் கூட்டிவந்த ஆசிரியை ஒருவர் அதைச் சிங்களத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகளோ தூண்களின் செதுக்கு வேலையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரித்திரத்தை விட மரம் அவர்களுக்குச் சுவையாக இருந்தது போலும்.

ஒப்பந்தம் எழுதி ஆறு கிழமைகூட ஆகவில்லை. ஏப்ரல் 10ஆம் திகதி இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கிய கந்தக வாயு வானின் மேலடுக்குக்கு ஏறி, கந்தக அமிலத் துளிகளாகி, உலகம் முழுவதும் பரவி வெயிலை மறைத்தது. அடுத்த வருடம், 1816இல், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே வரவில்லை. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூருக்குக் கப்பலேற்றியதும் அதே வருடம்தான். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அரசன் போன கதை கடதாசியில் இருக்கிறது. எரிமலையின் கதை கிரீன்லாந்திலும் அந்தார்ட்டிக்காவிலும் பனிக்கட்டிக்குள் இருக்கிறது. அங்கே விழுந்த பனியோடு அந்த அமிலமும் சேர்ந்து இறங்கி, வருடத்துக்கு ஒரு படையாக மேலே மேலே மூடப்பட்டு, இன்றைக்கும் அழியாமல் கிடக்கிறது.

வெளியே வந்து வாவியைச் சுற்றி நடந்தேன். 1812இல் முடித்த குளம் இது. அதற்குச் சில வருடம் முன்பு, 1809இல், உலகில் எங்கோ இன்னொரு பெரிய எரிமலை வெடித்திருக்கிறது. எந்த ஊர்ச் சரித்திரத்திலும் அது பெயரோடு பதிவாகவில்லை. 1991இல் பனிக்கட்டியில் கந்தக அமிலத்தை அளந்தவர்கள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். எந்த மலை என்பது இன்னும் பிடிபடவில்லை. மலையின் பெயர் தெரியாமலே அதன் வருடத்தைச் சொல்ல முடிகிற அளவுக்கு அந்த அளவீடு நுட்பமானது.

எப்படி அளக்கிறார்கள்? துளையிட்டு எடுத்த நீண்ட பனித் தண்டைச் சதுரக் கம்பியாக அறுத்து, சூடான உலோகத் தட்டின் மேல் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். அடிப்பக்கம் மெல்ல உருகும். கைபட்ட வெளிப்புறத்து நீரை ஒதுக்கிவிட்டு, நடுவில் ஊறும் நீரை மட்டும் குழாய் வழியே கருவிகளுக்கு அனுப்புகிறார்கள். சோடியம் கூடினால் கடற்காற்று, கல்சியம் கூடினால் பாலைவனத் தூசி, சல்பேற்று கூடினால் எரிமலை. எல்லாமே நூறு கோடியில் சில பங்கு என்ற அளவில்தான் இருக்கும். நமக்குக் கிட்டத்தில் இந்த வேலை நடப்பது கோவாவின் வாஸ்கோ ட காமாவில் உள்ள இந்தியத் துருவ, கடல் ஆய்வு மையத்தில். அங்கே அந்தார்ட்டிக்காத் தண்டுகளை மைனஸ் 20 பாகைக் குளிரில் வைத்திருக்கிறார்கள்.

கண்டியிலிருந்து வான் பிடித்துப் பேராதனை, கம்பளை, இறம்பொடை வழியாக மேலே ஏறினோம். பேராதனைப் பாலத்தில் மகாவலி கலங்கி ஓடியது. இறம்பொடை வளைவுகளில் மழை பிடித்துக்கொண்டது. இந்த மழையில்தான் பாதி விடயம் இருக்கிறது என்று முன் இருக்கையில் இருந்தபடி சாரதித் தம்பியிடம் சொன்னேன். "மழையில என்னா சார் இருக்கு? தண்ணி தான?" என்றார்.

தண்ணீர்தான். ஆனால் சுமார் ஐந்நூறு தண்ணீர் மூலக்கூறுகளுக்கு ஒன்றில் ஒட்சிசன் சற்றே கனமானது. மேகம் மலையேறும்போது, மூட்டை சுமந்தவன் மேட்டில் முதலில் இளைத்துப்போவது போல, கனத்த தண்ணீர் முந்திக்கொண்டு மழையாக விழுந்துவிடும். உயரே பெய்வதில் கனமானது குறைந்துகொண்டே போகும். துருவத்துக்குப் போய்ச் சேரும் பனியிலோ அது இன்னும் குறைவு; குளிர் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு குறைவு. 1952இல் கோப்பன்ஹேகனில் வில்லி டான்ஸ்கார்ட் என்பவர் தன் வீட்டுப் புல்வெளியில் ஒரு பியர் போத்தலில் புனல் வைத்து மழையைப் பிடித்து இந்தக் கணக்கைத் தொடங்கினார். பழைய பனியை அளந்தால் பழைய குளிரை அறியலாம் என்ற யோசனை அவருக்கு அதிலிருந்து வந்ததுதான். 1966இல் கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரியில் 1,390 மீற்றர் தோண்டி அடிப்பாறையைத் தொட்ட தண்டில் அவர் அதைச் செய்தும் காட்டினார். பிறகு அந்தார்ட்டிக்காத் தண்டுகள் எட்டு இலட்சம் வருடங்கள் வரை போயின. அவற்றின் காற்றுக் குமிழிகளில் கரியமில வாயு பத்து இலட்சத்தில் 300 பங்கைத் தாண்டியதே இல்லை. இப்போது 420ஐயும் தாண்டிவிட்டது.

சரி, துருவத்துப் பனி நம் மழையைப் பற்றி என்ன சொல்லும்? சொல்வது கொஞ்சம்தான். எங்களுக்கு வேண்டியது பருவக்காற்றின் கணக்கு. அதற்குக் கிட்டத்துப் பனி இமயத்தில் இருக்கிறது. 1997இல் ஆய்வாளர் லோனி தொம்சனின் குழு திபெத் பக்கத்து தசுவோபு பனியாற்றில் 7,200 மீற்றர் உயரத்தில் துளையிட்டது. அந்தத் தண்டில் 1790 முதல் 1796 வரை தூசியும் குளோரைட்டும் திடீரென்று ஏறியிருந்தன. பருவமழை பொய்த்த வருடங்கள் அவை. இந்தியாவில் பெரும் பஞ்சம். கண்டியில் ராஜாதி ராஜசிங்கன் ஆட்சியில் இருந்த காலம். நான் பார்த்த மகுல் மடுவவைக் கட்டத் தொடங்கியவனும் அவன்தான்.

இரவு நுவரெலியாவில் தங்கி, விடியுமுன் அம்பேவலை, பட்டிப்பொல வழியாக ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோம். வாசலில் பைகளைத் திறந்து பார்த்து பொலித்தீனை வாங்கிக்கொள்கிறார்கள். நல்ல வழக்கம். வந்தவர்கள் எல்லோரும் உலக முடிவு என்ற செங்குத்தான மலை விளிம்பை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். ஒன்பது, பத்து மணிக்கு மேகம் ஏறி மூடிவிடும் என்ற பயம். நான் ஓடை ஓரத்துப் பாதையில் நின்றுவிட்டேன்.

கடல் மட்டத்துக்கு 2,100 மீற்றருக்கு மேல், மேடுகளில் மஞ்சள் பாய்ந்த புல், பள்ளங்களில் நீர் ஊறும் சதுப்பு. ஓடை அரித்த கரையில் மண் தார் போலக் கறுத்து வெட்டுப்பட்டிருந்தது. இதுதான் பீட்: குளிரிலும் ஈரத்திலும் மக்காமல் ஆயிரக்கணக்கான வருடங்களாகப் படிந்த புல்லும் பாசியும். "சனவரி, பெப்ரவரியில வந்தீங்கன்னா காலையில புல்லு முழுக்க வெள்ளையா இருக்கும் சார். எட்டு மணிக்கெல்லாம் காணாமப் போயிரும்" என்றார் சாரதி. இலங்கையில் தானாக உறையும் பனி அவ்வளவுதான். அதில் சரித்திரம் தங்காது. தங்கியது இந்தச் சேற்றில்.

இங்கே சுமார் ஆறு மீற்றர் ஆழம் வரை எடுத்த சேற்றுத் தண்டை ரத்னசிறி பிரேமதிலக்கவும் ஜான் ரிஸ்பெர்க்கும் ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மகரந்தம், நுண்பாசிகள், காபன் சமதானிகள் எல்லாம் சேர்ந்து 24,000 வருடக் கணக்கு. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் இந்த மலை அரைவறட்சி நிலமாக இருந்திருக்கிறது. பின்னர் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து, மழைக்காடு வந்திருக்கிறது. இதற்குப் பத்து வருடம் முன்பே, 1993இல், ராமன் சுகுமார், ஆர். ரமேஷ் முதலானோர் நீலகிரிப் பீட்டில் இதே முறையைக் கையாண்டிருந்தார்கள். வறண்ட காலத்துப் புல்லின் காபனில் கனமான வகை கூடுதல். ஈரக்காலத்து மரஞ்செடிகளில் குறைவு. ஒரு பொதுத் தராதரத்தோடு ஒப்பிட்டால், ஆயிரத்துக்கு மைனஸ் 12, மைனஸ் 27 என்று இரண்டும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். எந்தப் படையில் எது கூடுதல் என்று பார்த்தால் மழையின் போக்கு தெரிந்துவிடும்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பனிக்கட்டி வருடம் சொல்லும். சேறு நூற்றாண்டு சொல்லும். தம்போராவை இந்தக் கரையில் தேடினால் கிடைக்காது. ஆனால் மகாவலி பிறக்கிற மலையில் மழை எப்படி இருந்தது என்று கேட்டால், கிரீன்லாந்தை விட இந்தக் கறுப்புக் கரைக்குத்தான் பதில் தெரியும். அந்த நதியை நம்பி அணை கட்டி, மின்சாரம் எடுத்து, வயல் திறந்த நாட்டுக்கு இது சின்ன விடயமல்ல. இருந்தும் 1960களில் இந்தச் சமவெளியை உழுது விதை உருளைக்கிழங்கு போட்டார்கள். உழுத இடத்தில் மேற்படை குழம்பிவிட்டது. அதன் வயதை இனி யாராலும் வாசிக்க முடியாது. 1988இல் தேசிய பூங்காவாக்கியது தாமதமான புத்திதான், ஆனால் நல்ல புத்தி.

உலக முடிவுக்குப் போகிறவர்கள் போங்கள், நல்ல இடம்தான். ஆனால் படம் எடுக்க என்று பாதையை விட்டு அந்தச் சதுப்புக்குள் இறங்காதீர்கள். ஒரு கால்தடம் அமுக்கும் சில அங்குலங்களில் பல நூறு வருடத்து மழைக்கணக்கு இருக்கிறது, அதற்கு வேறு பிரதி கிடையாது.